சலவை இயந்திரத்துக்கு "போர்டு போய்விட்டது" என்று சொல்லி 7,850 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: சென்னை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பகுதியினர் கவனிக்கவும்

சலவை இயந்திரத்தைப் பழுது பார்க்கிறோம் என்று வந்தவர்களிடம் 7,850 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன் என்பது நேற்று மாலைதான் எனக்கு உறுதியானது. இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆத்திரம் தணிந்துவிட்டால் போனது போகட்டும் என்று நானே சமாதானம் ஆகிவிடுவேன் என்பதாலும், அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான் என்பதாலும், விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுடையது முன்பக்கம் கதவு உள்ள, முழுவதும் தானியங்கும் இயந்திரம். வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. சென்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை துவைத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றது. உள்ளே அரை டிரம் தண்ணீர், கதவு திறக்கவில்லை, திரையில் ஏதோ இரண்டு எழுத்துகள். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் அடிப்பகுதியிலிருந்து "உர்ர்" என்று ஒரு முனகல் மட்டும் கேட்டது. இந்த முனகலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மாமனார் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று விரிப்புகளாவது துவைக்க வேண்டிய வீட்டில் இயந்திரம் நிற்பது சிறிய விஷயமில்லை. அந்தப் பதற்றத்தில் கைப்பேசியில் நிறுவனத்தின் பெயரையும் எங்கள் பகுதியின் பெயரையும் சேர்த்துத் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அதன் தலைப்பில் "விளம்பரம்" என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. நிறுவனத்தின் நிறத்திலேயே பக்கம் இருந்தது, சின்னமும் இருந்தது. எடுத்த பெண்ணும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. செருப்பை வாசலிலேயே விட்டார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கருவிப் பை. தரை நனைந்துவிடக் கூடாது என்று பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். மாமனார் இருக்கும் அறையை எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கு என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, "என் பாட்டியும் இப்படித்தான் படுத்திருந்தாங்க" என்றார். நான் நம்பியது அந்த நொடியில்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சந்தேகிக்கவில்லை.

இயந்திரத்தின் கீழ்மூலையில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, அங்கிருந்த மெல்லிய குழாயை இழுத்துத் தட்டில் விட்டுத் தண்ணீரை வடித்தார். கதவு திறந்தது, துணிகளை எடுத்துக்கொண்டோம். பிறகு மேல்மூடியைக் கழற்றி மின்சுற்றுப் பலகையை வெளியே எடுத்து, அதன் மேல் மங்கிப் போயிருந்த ஓர் இடத்தைக் காட்டி, "அம்மா, போர்டு போயிடுச்சு. ஈரம் இறங்கி எரிஞ்சிருக்கு" என்றார். புதிய பலகை 7,500 ரூபாய், வருகைக் கட்டணம் 350, ஆக 7,850 ரூபாய். முன்பணமாக 3,000 ரூபாயை வாங்கிக்கொண்டு பலகையையும் எடுத்துப் போனார். வியாழக்கிழமை வந்து பலகையைப் பொருத்தி, துணியோ தண்ணீரோ இல்லாமல் சுழற்சியை மட்டும் ஓட்டிக் காட்டினார். டிரம் அழகாகச் சுற்றியது. மீதி 4,850 ரூபாயை அவர் காட்டிய கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடி அனுப்பினேன். பணம் நிறுவனத்தின் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒரு தனியாளின் பெயருக்குப் போனது. அதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை விரிப்புகளைப் போட்டேன். அதே இடத்தில் நின்றது. அதே முனகல், அதே இரண்டு எழுத்துகள்.

அன்று முதல் திங்கட்கிழமை வரை பதினேழு முறை அழைத்திருக்கிறேன். கைப்பேசியில் கணக்கு இருக்கிறது. முதலில், அவர் வேறு பகுதியில் இருக்கிறார், மாலை வருவார் என்றார்கள். மாலையில், நாளை என்றார்கள். சனிக்கிழமை வேறொருவர் எடுத்து, பலகைக்குத்தான் தொண்ணூறு நாள் உத்தரவாதம், இது பம்ப் பழுது, அதற்குத் தனியாக 350 ரூபாய் கட்டினால்தான் ஆள் வரும் என்றார். பழுதை வந்து பார்க்காமலேயே அது பம்ப் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார். திங்கட்கிழமை, "நாங்க புக்கிங் மட்டும்தான் எடுப்போம் மேடம், டெக்னீசியனுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று பதில் வந்தது. அதன்பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணைத் தேடி உண்மையான நிறுவனத்தை அழைத்தபோது, என் பெயரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, அப்படி ஒரு பணியாளரை அவர்கள் அனுப்பவும் இல்லை என்று தெரிந்தது.

நேற்று மாலை, எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பெரியவரை என் மகன் அழைத்துவந்தான். அவர் முதலில் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். "பம்ப் முனகுதும்மா. அப்படின்னா அதுக்குக் கரண்டு வருது. கரண்டு குடுக்குறதே போர்டுதான். போர்டு போயிருந்தா பம்ப் எப்படி முனகும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இந்த முனகலைப் பற்றி நான் விவரமாகச் சொல்லியிருந்தேன் என்பதால், அதைக் கேட்டதும் என்னால் நிற்க முடியவில்லை. பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதே கீழ்மூலை மூடியைத் திறந்து, மெல்லிய குழாயில் தண்ணீரை வடித்து, அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த திருகு வடிகட்டியைச் சுற்றிக் கழற்றினார். உள்ளேயிருந்து வந்தவை ஓர் இரண்டு ரூபாய் நாணயம், இரண்டு ஊக்குகள், மாமனாரின் சட்டைப் பித்தான், ஒரு கைப்பிடி நூலும் முடியும். பம்பின் சிறிய விசிறியை அந்த நாணயம்தான் பிடித்துவைத்திருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் பம்பின் சுருள் 180 ஓம் அளவில் காட்டியது. நல்ல பம்ப்தான் என்றார். மூடிவிட்டு, துணி போட்டு முழுச் சலவையும் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் போயிற்று. அவர் வாங்கிக்கொண்டது 200 ரூபாய்.

அந்த இளைஞர் திங்கட்கிழமையன்று திறந்ததும் இதே மூடியைத்தான். அவர் கை அந்த வடிகட்டிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. தெரியாமல் செய்த தவறு என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது? தண்ணீர் இல்லாமல் சுழற்றிக் காட்டியதற்கும் இப்போது காரணம் புரிகிறது. டிரம்மைச் சுற்றுவது வேறு மோட்டார், வடிகால் பம்ப் அடைத்திருந்தாலும் தண்ணீர் இல்லாத டிரம் சுற்றத்தான் செய்யும். பலகையில் எரிந்ததாகக் காட்டிய இடம், ஈரம் படாதிருக்க நிறுவனமே ஊற்றும் பிசின் பூச்சு மங்கியது என்று பெரியவர் சொன்னார். அதைவிடக் கொடுமை, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் முதல் நாள் ஆர்வத்தில் பலகையைப் படம் எடுத்திருந்தான். ஒட்டுத்தாளில் உள்ள எண், ஓரத்தில் இருந்த பேனா மைக்கோடு இரண்டும் இப்போது உள்ள பலகையிலும் அப்படியே இருக்கின்றன. எங்கள் பலகையையே கொண்டுபோய் எங்களுக்கே 7,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். ரசீதில் "புதிய போர்டு" என்று எழுதியிருக்கிறது. அதில் போட்டிருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை எண்ணிப் பார்த்தேன். 15 இடங்கள் இருக்க வேண்டிய எண்ணில் 14 தான் இருக்கின்றன.

7,850 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் மாமனாரின் ஒன்றரை மாத மருந்துச் செலவு.

இயந்திரப் பழுதுகளை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், ஆனால் இப்போது அதற்குரிய மனநிலை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் வெளியேறாவிட்டால் முதலில் அந்த வடிகட்டியைப் பாருங்கள். மின்இணைப்பைப் பிடுங்கிய பின், வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறிய பின் திறக்க வேண்டும். தண்ணீர் ஏறுவது மெதுவாக இருந்தால் குழாய் இயந்திரத்தில் சேரும் இடத்திலுள்ள சல்லடையைக் கழுவுங்கள், நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று உப்பு அங்கேதான் படியும். மிக்ஸி திடீரென்று நின்றால் மோட்டாரின் சுருள் (காயில்) போய்விட்டது என்று யாராவது சொல்லும் முன், சூடு ஆறவிட்டு அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சேவை எண்ணைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். கழற்றிய பாகத்தை வீட்டை விட்டு வெளியே போக விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணியும் தண்ணீரும் போட்டு ஒரு முழுச் சலவை முடியாமல் பணம் கொடுக்காதீர்கள். தனியாள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. இதே போல், பலகையை எடுத்துப்போய் மூன்று நாளில் திரும்பக் கொண்டுவந்த ஆட்களிடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் பக்கம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால், ரசீதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு நீங்களும் இன்றே 1915-ஐ அழையுங்கள்.