பஸ் குனிந்தது, அம்மா ஏறினாள்

இந்த முறை ஊரில் மூன்று வாரம் இருந்தேன். விமான நிலையம், மெட்ரோ, வங்கி வேலை எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது, அதையெல்லாம் எழுதப் போவதில்லை. சென்னை குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

அம்மாவைச் சைதாப்பேட்டைப் பக்கம் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. "அக்கா, கால் டாக்ஸி போட்டுத் தரேன். இந்த வெயில்ல பஸ்ஸெல்லாம் எதுக்கு?" என்றான் தம்பி. எங்கள் வீட்டில் இப்போது பஸ் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டரை எடுக்கிறார்கள். இதே வீட்டிலிருந்துதான் அப்பா வேலைக்காலம் முழுக்க பிராட்வேக்கு 18ஏ பஸ்ஸில் போய் வந்தார். ராத்திரி அவர் சட்டைப் பையில் கைவிட்டால் சுருட்டிய டிக்கெட் கிடைக்கும். எங்களுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான்.

நான் பஸ்தான் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. நான் இருப்பது டெக்சாஸில், ஆர்லிங்டனில். டல்லஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே, ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வாழும் ஊர். எண்பதாயிரம் பேர் உட்காரும் விளையாட்டு அரங்கம் இருக்கிறது, ஆனால் நேரப்படி, வழித்தடப்படி ஓடும் நகரப் பேருந்து கிடையாது. பொதுப் போக்குவரத்துக்கு வரி போடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோதெல்லாம் மக்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள். 2017 முதல் செயலியில் கூப்பிட்டால் வேன் வருகிறது. அவ்வளவுதான். அம்மா அங்கே வந்து ஐந்து மாதம் இருந்தாள். நாங்கள் வேலைக்குப் போனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கார் போவதைப் பார்ப்பாள். "இங்க எனக்குக் கால் இல்லாத மாதிரி இருக்குடி" என்று ஒருநாள் சொன்னாள். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

ஆனால் ஊரிலும் அவள் பஸ் ஏறிப் பல வருடம் ஆகிவிட்டது. முட்டி வலிதான் காரணம். பழைய பஸ்ஸின் முதல் படி உங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி மேலே போடுவதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தும் மேம்பாலப் படிக்கட்டை நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, கிளம்பினோம். வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு ஸ்டாப்புக்கு முந்நூறு மீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடைபாதை ஒரு முழ உயரத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது. ஏறினால் நாலு எட்டில் டிரான்ஸ்ஃபார்மர், இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் வரிசையாக பைக். அதைத் தாண்டினால் கால்வாய் மூடி ஒன்று இரண்டாக உடைந்து உள்ளே தொங்குகிறது, கறுப்புத் தண்ணீர் தெரிகிறது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஹாரன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆர்லிங்டனில் எங்கள் தெரு நெடுக வழவழவென்று நடைபாதை, நடக்க ஆள் இல்லை. இங்கே ஊரே நடக்கிறது, கால் வைக்க இடம் இல்லை. ஒரு சிமென்ட் பலகையை மாற்றிப் போட எத்தனை பெரிய திட்டம் வேண்டும்?

ஸ்டாப்பில் முதலில் வந்த இரண்டு பஸ்ஸும் பழைய உயரப் படி வைத்தவை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். மூன்றாவதாக வந்தது தாழ்தளப் பேருந்து. ஓட்டுநர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்திருக்க வேண்டும். ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். உஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம். வண்டி எங்கள் பக்கமாக மெல்லச் சாய்ந்து தாழ்ந்தது. யானை ஆளை ஏற்றிக்கொள்ள முன்னங்காலை மடக்குமே, அப்படி. கதவு திறந்தது. அம்மா தடியை உள்ளே ஊன்றினாள், ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், உள்ளே நின்றாள். என் கையை அவள் பிடிக்கவே இல்லை.

"உக்காருங்கம்மா, உக்காந்தப்புறம் எடுக்கலாம்" என்றார் கண்டக்டர். அம்மா பர்ஸைத் துழாவி மூத்த குடிமக்களுக்கான இலவசப் பயண டோக்கனை எடுத்து நீட்டினாள். மாதத்துக்குப் பத்து வீதம் கொடுப்பதை வாங்கி வைத்திருந்ததோடு சரி, ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. பல்லாவரம் தாண்டும் வரை அவள் எதுவும் பேசவில்லை. அப்புறம் கம்பியைத் தட்டிக் காட்டி, "உங்கப்பா இருந்தா இதுல ஏறிப் பாத்திருப்பார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். இந்த வண்டிகள் சென்னையில் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியிருக்கின்றன. தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். நம் ஊர் ரோட்டுக்கு இது சரிப்படாது என்ற பேச்சையெல்லாம் தாண்டி, மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடியவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதன் பலன் எங்கள் அம்மாவின் முட்டிக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பும்போது அவ்வளவு சுகமில்லை. ஸ்டாப்பை ஆட்டோக்கள் அடைத்து நின்றதால் பஸ் நடுரோட்டில் நின்றது. எத்தனை தாழ்ந்த வண்டியாக இருந்தாலும் ஓரமாக வந்து நிற்க இடம் விட்டால்தானே? கல்லூரிப் பையன்கள் இருவர் கையைக் காட்டி வண்டிகளை மறித்து அம்மாவை ஏற்றிவிட்டார்கள்.

நான் ஆர்லிங்டன் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். தம்பியிடம் சொல்லாமல் தனியாகப் பல்லாவரம் சந்தைக்குப் போய் ரோஜாச் செடி வாங்கி வந்திருக்கிறாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாளாம். கால்வாய் மூடி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அப்படியேதான் இருக்கு. யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி வெச்சிருக்காங்க, தூரத்துலயே தெரியுது" என்றாள்.