வெண்டன் கோட்டை: கையில் ஒரு விளக்கு கொடுப்பார்கள்

லாட்வியாவின் தலைநகர் ரீகாவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ரயிலிலேயே போய்விடலாம். லாட்வியர்கள் சேசிஸ் என்று சொல்லும் ஊர், ஜெர்மன் பெயர் வெண்டன். கோட்டைக்குள் நுழையும்போது மெழுகுவர்த்தி எரியும் கண்ணாடி விளக்கு ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள், மேற்குக் கோபுரத்தில் மின்விளக்கே இல்லை, குறுகலான கல் படிகளில் அந்தச் சின்ன வெளிச்சத்தை நம்பித்தான் ஏற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான் போனது வெண்டன் மாகாணத்துக்காக. 1582-இல் ரஷ்யாவோடு போர் முடிந்து லிவோனியா (இன்றைய லாட்வியா, எஸ்டோனியாவின் பகுதிகள்) போலந்து-லித்துவேனியா கூட்டரசின் கைக்கு வந்ததும் அதை மூன்றாகப் பிரித்தார்கள், 1598-இல் அவை மாகாணங்களாயின: வெண்டன், டோர்பாட், பெர்னாவ். அடுத்த இரண்டே வருடத்தில் ஸ்வீடனோடு போர். 1621-இல் ரீகா விழுந்தது, வெண்டன் மாகாணமும் அதோடு முடிந்தது. வெறும் 23 வருடம்!

நாங்கள் அமர்த்தியிருந்த வழிகாட்டி இந்தக் காலத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார், அது உண்மையிலேயே வருத்தம். ஆனால் 1577 முற்றுகையை நன்றாகச் சொன்னார்: ரஷ்ய மன்னர் இவானின் படை சூழ்ந்தபோது உள்ளே இருந்த சுமார் 300 பேர் சரணடையாமல் வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார்கள். அதைக் கேட்டபின் அந்த இடிந்த சுவரைத் தொட எனக்குக் கை வரவில்லை.

கட்டாயம் போங்கள், அப்புறம் வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.