திரையில் ஒரு பாறைக்கட்டை: மூன்று வருட அனுபவம்

சேலத்தில் பாடம் நடத்தும் தோழி நேற்று போனில் கேட்டாள்: “அக்கா, நீங்க லேபில் வச்சிருக்கிற அந்த 3டி சாஃப்ட்வேரை நாங்களும் வாங்கலாமா?” உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சாஃப்ட்வேரின் பெயர் இங்கே வேண்டாம்.

பெங்களூரில் பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டுக்கு மூன்று வருடமாக அதை வைத்துத்தான் ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜி (பாறை அடுக்குகள் எப்படிச் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கின்றன என்ற பாடம்) நடத்துகிறேன். திரையில் ஒரு பாறைக்கட்டை வரும். அடுக்குகளைச் சாய்க்கலாம், மடிக்கலாம், எந்தக் கோணத்திலும் வெட்டலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வெட்டும் கருவி. 40 டிகிரி சாய்ந்த அடுக்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் 40 டிகிரியாகவே வரைவது எல்லா வருடமும் பிள்ளைகள் செய்யும் தவறு. ஸ்ட்ரைக்குக்கு (சாய்ந்த அடுக்கின்மேல் கிடைமட்டமாகப் போடும் கோட்டின் திசைக்கு) செங்குத்தாக வெட்டினால்தான் 40. அதற்கு 45 டிகிரி திரும்பி வெட்டினால் ஏறக்குறைய 31. ஸ்ட்ரைக் ஓடும் திசையிலேயே வெட்டினால் கோடு படுத்துவிடும். பலகையில் டேன், சைன் போட்டு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! இங்கே வெட்டுமுகத்தை மெல்லத் திருப்பும்போது அடுக்கு கண்ணெதிரே படுத்துக்கொண்டே வருகிறது. முதல் முறை வகுப்பே “ஓ” என்றது. சிவாஜிநகரிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் அமைதியாக, “மரம் அறுக்கும்போது ரேகை இப்படித்தான் மாறும் மேடம்” என்றாள். அப்பா தச்சு வேலை செய்கிறாராம்.

1996ல் இஸ்ரேலைச் சேர்ந்த யேல் காளி, நிர் ஓரியன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து எழுதியதும் இதைப் பற்றித்தான். வெளியே தெரியும் முகத்தின் கோலத்தை மாணவர்கள் அப்படியே உள்ளே இழுத்துவிடுகிறார்கள். பாறைக்குள் பார்வை புகுவதில்லை. என் பிள்ளைகளுக்குப் புக ஆரம்பித்தது. லால்பாக் பாறைக்குக் கூட்டிப்போனபோது (1975ல் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்த, ஏறக்குறைய 300 கோடி வருடப் பழைய நைஸ், அதாவது பட்டை பட்டையாகத் தெரியும் உருமாறிய பாறை), முன்பெல்லாம் அதன்மேல் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள், இந்தப் பட்டை அடியில் எந்தப் பக்கம் போகும் என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். எனக்கு அது போதும்.

சரி, இப்போது கோபம். கட்டையைப் பெரிதாக்கினால் வடக்கு அம்புக்குறி மறைந்துவிடும். நாலு தரம் சுழற்றினால் கிழக்கு எது, மேற்கு எது என்று எனக்கே குழம்பும். ஜியாலஜியில் சாய்வு எவ்வளவு என்பது பாதிதான். எந்தத் திசையில் என்பது மீதி. கிழக்கே சாயும் அடுக்கை மேற்கே என்று எழுதினால் கிணறு தப்பான இடத்தில்தான் விழும். மேற்பரப்பில் வடக்கு நோக்கி ஓடுகிற ஒரு ஆற்றை வரைந்து சமாளித்தேன். அடியிலிருந்து பார்த்தால் ஆறும் தெரியாது. கம்பெனிக்கு இரண்டு தரம் எழுதிப் போட்டேன். போன மாத அப்டேட்டில் அம்புக்குறியை மெனுவுக்குள் தள்ளிவிட்டார்கள்!

அப்புறம், சுழற்றுவது சுலபமாக இருப்பதால் யாரும் யோசிக்கக் காத்திருப்பதில்லை. அது மென்பொருளின் குற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் வெட்டுமுகத்தை நோட்டில் பென்சிலால் வரைந்து காட்டாமல் யாரும் மவுஸைத் தொடக்கூடாது. அந்த விதி வந்தபிறகுதான் தாளிலும் கை நேராக வருகிறது.

தோழியிடம் இந்த வருடம் வாங்காதே என்றேன். நாலு கலர் பிளாஸ்டிசின், ஒரு கத்தி, கட்டையின் ஒரு முகத்தில் குத்திவைக்க ஒரு தீக்குச்சி. அதுதான் வடக்கு, எப்படித் திருப்பினாலும் மறையாது.

“அப்போ நீங்க நிறுத்திடுவீங்களா அக்கா?”

இல்லை. திங்கட்கிழமை காலை மறுபடியும் அந்த வெட்டும் கருவிதான்.