மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுக்கு எஸ்டிஎம்32-ஆ, இஎஸ்பி32-ஆ?

கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் போர்டு ஒன்றுக்கு மைக்ரோகன்ட்ரோலர் (போர்டை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) முடிவு செய்ய வேண்டியிருந்தது. எஸ்டிஎம்32எஃப்103-ஐ எடுத்தேன். காகிதத்தில் பார்த்தால் இஎஸ்பி32 எங்கோ இருக்கிறது: 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், 520 கேபி ராம். எஸ்டிஎம்மில் 72 மெகாஹெர்ட்ஸ், 20 கேபிதான். ரிலே போட்டு எடுக்க அதுவே தாராளம். இஎஸ்பி32-க்குள்ளேயே இருக்கும் வைஃபை? தோட்டத்துக் கிணற்றடியில் ஏது வைஃபை! எப்படியும் 4ஜி மோடம் மாட்டத்தான் வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஏடிசி, அதாவது வோல்டேஜை அளந்து எண்ணாக மாற்றும் பகுதி. தண்ணீர் வற்றி பம்ப் வெறுமனே ஓடினால் கரண்ட் குறையும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்த போர்டின் தலையாய வேலை. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அதற்குள் 64 சாம்பிளாவது எடுத்து ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் கரண்டின் பயனுறு அளவு) கணக்கிடுகிறேன். எஸ்டிஎம்மில் டைமர் ஏடிசியைத் தட்டிவிடும், டிஎம்ஏ (ப்ராசஸர் தலையிடாமல் டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் பகுதி) பஃபரை நிரப்பும். பாதி நிரம்பியதும் இன்டரப்ட் வரும், கணக்கை மட்டும் நாம் போட்டால் போதும்.

இஎஸ்பி32-இல் இரண்டு ஏடிசி உண்டு; வைஃபை ஓடும்போது ஏடிசி2-ஐத் தொட முடியாது. மிஞ்சும் ஏடிசி1-இன் ரெஃபரன்ஸ் (அளவுகோலாக வைக்கும் வோல்டேஜ்) 1100 மில்லிவோல்ட் என்று பேர்தான், சிப்புக்குச் சிப் 1000 முதல் 1200 வரை மாறும். 11 டெசிபல் அட்டென்யுவேஷனில் (உள்ளே வரும் சிக்னலைக் குறைத்து அளக்கும் அமைப்பு) 2450 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அளவீடு வளையத் தொடங்கும். ஸ்டார்ட்டிங் கரண்ட் எகிறும்போது அலையின் உச்சி அங்கேதான் போய் முட்டும். ஈஃபியூஸில் (சிப்புக்குள் ஒருமுறை எழுதினால் அழியாத மெமரி) உள்ள கேலிப்ரேஷன் ஓரளவு சரிசெய்யும்தான். சின்ன மோட்டாரில் டிரை ரன்னுக்கும் லேசான லோடுக்கும் வித்தியாசமே கொஞ்சம், அங்கே ‘ஓரளவு’ பத்தாது. வெளியே ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சிப் வைக்கலாமே என்பார்கள். அது நொடிக்கு 860 சாம்பிளைத் தாண்டாது. சுற்றுக்கு 17, மூன்று ஃபேஸுக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆறுகூடத் தேறாது.

எஃப்103-இலும் தலைவலி உண்டு. 2021 தட்டுப்பாட்டில் விலை தாறுமாறாக ஏறியது, மேலே எழுத்தை மாற்றிய குளோன்களும் சந்தையில் புகுந்தன. புது ரீல் வந்தால் ஒன்றிரண்டை எஸ்டி-லிங்க்கில் (எஸ்டிஎம் சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி) மாட்டி ஐடி பார்த்துவிடுவது நல்லது.

இஎஸ்பி32 குடும்பத்தின் இன்னொரு சிப்பான இஎஸ்பி32-எஸ்3-இன் ஏடிசி 3100 மில்லிவோல்ட் வரை அளக்கும். மேஜையில் பார்த்தவரை பரவாயில்லை, வெயிலில் கொதிக்கும் பேனல் பெட்டிக்குள் ஓட்டிப் பார்த்ததில்லை. அப்புறம், அபார்ட்மென்ட் சம்ப் மோட்டார் என்றால் கதையே வேறு: சிங்கிள் ஃபேஸ், ஃப்ளோட் சுவிட்ச், பக்கத்திலேயே ரவுட்டர். அதற்கு நானே இஎஸ்பி32-தான் போடுவேன்.