போகிமானுக்குக் குரல் வேண்டுமா?

போகிமான் வீடியோ விளையாட்டுகளில் பாத்திரங்களின் உரையாடல் திரையில் எழுத்தாகவே வருகிறது. 2019இல் வந்த 'போகிமான் சோர்ட்', 'ஷீல்ட்' விளையாட்டுகளில் பியர்ஸ் என்ற பாடகன் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பாடுகிறான். வாய் அசைகிறது, உடல் ஆடுகிறது; குரல் மட்டும் இல்லை. அந்த மௌனம் எனக்கு வலித்தது.

எழுத்து மட்டும் போதும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. விளையாடும் நாம் நமக்கே சூட்டிய பெயரைச் சொல்லியே பாத்திரங்கள் நம்மை அழைக்கின்றன. எந்த நடிகராலும் அதை முன்கூட்டியே பதிவுசெய்ய முடியாது. படிக்கும் வேகமும் நம் கையில். குரல் என்றால் ஒவ்வொரு மொழிக்கும் பதிவுச் செலவு வேறு.

ஆனால் 2017இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்ற வேறொரு விளையாட்டு முக்கியக் காட்சிகளுக்கு மட்டும் குரல் கொடுத்தது. மற்ற உரையாடல்கள் எழுத்தாகவே இருந்தன. நாயகன் லிங்க் பேசவே இல்லை. போகிமானுக்கும் அந்த அளவே போதும். பாடகன் பாடும் இடத்திலாவது குரல் கேட்க வேண்டும்.