139 – வீட்டு ஆளுங்கள தனியா ரயில் ஏத்தி விடுறவங்க கட்டாயம் சேவ் பண்ணி வைக்க வேண்டிய நம்பர்

ஓட்டலுக்கும் போனுக்கும் ரிவ்யூ எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, ரயில்வே போலீஸுக்கு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. எனக்கு எழுதணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, அதான்.

போன மாசம் அம்மாவ எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏத்தி விட்டேன். அம்மாவுக்கு 64 வயசு. எனக்கு லீவு கிடைக்கல, கூட போக வேற ஆளும் இல்ல. ஸ்லீப்பர் கோச், லோயர் பெர்த், தண்ணி பாட்டில் எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி வெச்சு குடுத்துட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தா அம்மா போன் பண்றாங்க. செங்கல்பட்டு தாண்டிட்டு இருக்கு. குரல தாழ்த்தி பேசுறாங்க, அதுலயே எனக்கு வயித்த கலக்கிருச்சு. குடிச்சுட்டு நாலு பேரு எதிர்ல உக்காந்து ஒரே சத்தம், அதுல ஒருத்தன் அம்மா கால்மாட்டுலயே உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குறான்.

உடனே ரயில்வேயோட உதவி எண் 139 அடிச்சேன். முன்னாடி பாதுகாப்புக்குன்னு 182னு தனி நம்பர் இருந்துச்சு, 2021 ஏப்ரல்ல அதையும் 139லயே சேத்துட்டாங்க, நெறைய பேருக்கு இது தெரியல. மொழிய செலக்ட் பண்ணிட்டு 1 அமுக்கணும், பாதுகாப்பும் அவசர மருத்துவ உதவியும் அந்த 1லதான். பிஎன்ஆர், கோச், பெர்த் நம்பர், இப்ப வண்டி எங்க போகுதுன்னு கேட்டாங்க. டிக்கெட் மெசேஜ் என் போன்ல இருந்ததால டக்குனு சொல்ல முடிஞ்சது. அதனால ஏத்தி விடுறவங்க போன்லயும் அந்த மெசேஜ் இருக்கணும், பயணம் போறவங்ககிட்ட மட்டும் இருந்தா பத்தாது. வண்டி நிக்கிற ஸ்டேஷன்ல ஆள் ஏறுவாங்கன்னு சொன்னாங்க. ஏறுவாங்களான்னு ஒரு பக்கம் பதைபதைப்பு, ஒரு வாய் சோறு இறங்கல.

விழுப்புரத்துல ஏறுனாங்க. ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்பு படைல ரெண்டு பேர், அதுல ஒரு லேடி கான்ஸ்டபிள். நேரா அந்த ஆளுங்ககிட்ட போய் கத்தல, மொதல்ல அம்மா பக்கத்துல குனிஞ்சு "அம்மா, உங்க பையன் போன் பண்ணாரு, நாங்க வந்துட்டோம்"னு சொல்லிருக்காங்க. அதுக்கப்புறம்தான் திரும்பி ஒவ்வொருத்தரா டிக்கெட் கேட்டாங்களாம். அந்த கோச்சுல யாருக்குமே சீட் இல்ல. ஒரு அதட்டல் கூட பெருசா போடாம, மேல தூங்குற குழந்தை முழிக்காத அளவுக்கு, நாலு பேரையும் எறக்கி கூட்டிட்டு போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி அந்த லேடி அம்மாவோட பைய எடுத்து பெர்த்துக்கு அடியில உள்பக்கமா தள்ளி வெச்சுட்டு, "செல்ல ஜன்னலோரமா வெச்சுட்டு தூங்காதீங்கம்மா, திருச்சில வேற ஆள் வந்து பாப்பாங்க"னு சொல்லி நோட்டுல பெர்த் நம்பர எழுதிக்கிட்டாங்களாம்.

சொன்ன மாதிரியே திருச்சில ஒருத்தர் வந்திருக்காரு. நடுராத்திரி. டார்ச்ச மூஞ்சிக்கு அடிக்காம தரையில அடிச்சு, பெர்த் நம்பர பாத்து, அம்மாவ ஒரு பார்வை பாத்துட்டு போயிட்டாராம். அம்மா முழிச்சுதான் இருந்திருக்காங்க, அவர் போனதுக்கப்புறம்தான் தூங்குனாங்க. எனக்கு இந்த இடம்தான் பெருசா படுது. வம்பு பண்றவன எறக்கி விடுறதோட வேலை முடிஞ்சதுன்னு விடல, அடுத்த ஊர்ல இருக்குறவங்க கையில அம்மாவ ஒப்படைச்சிருக்காங்க.

தனியா போற பெண்களுக்குன்னு மேரி சஹேலின்னு ஒரு திட்டமும் 2020ல இருந்து ஆர்பிஎஃப்ல இருக்கு, என் தோழின்னு அர்த்தம். வண்டி கெளம்புற ஸ்டேஷன்லயே பெண் போலீஸ் வந்து பேசி, கோச், பெர்த் நம்பர குறிச்சு வழியில இருக்குற ஸ்டேஷன்களுக்கு சொல்லிருவாங்க.

ஒரு விஷயம் நானே இப்பதான் தெளிவா புரிஞ்சுக்கிட்டேன். ஆர்பிஎஃப் மத்திய அரசோடது, ஜிஆர்பி மாநில போலீஸோட ரயில்வே பிரிவு. ரெண்டும் காக்கிதான், பாத்தா ஒண்ணா தெரியும். திருட்டு மாதிரி குத்தத்துக்கு எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கிறது ஜிஆர்பி, அவங்க நம்பர் 1512. பொருள் போயிருச்சுன்னா பாதி வழியில எறங்கி ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைய வேண்டியதில்ல, ஓடுற வண்டியிலயே டிடிஇ இல்லன்னா காவலுக்கு வர்ற போலீஸ்கிட்ட ஃபார்ம் வாங்கி எழுதி குடுக்கலாம். இது தெரியாம எத்தன பேர் நகைய விட்டுட்டு அழுதுட்டே வீட்டுக்கு போயிருப்பாங்க.

அன்னிக்கப்புறம் ஸ்டேஷன் போனா என் கண்ணு தானா காக்கி டிரஸ்ஸத்தான் தேடுது. வண்டி நகர ஆரம்பிச்சதும் நாம எல்லாம் ஜன்னல பாத்து கைய ஆட்டிட்டு இருப்போம், பிளாட்பாரத்துல நிக்கிற அந்த போலீஸ் மட்டும் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளியையும் வாசல் படியையும்தான் பாத்துட்டு இருப்பாங்க. ஓடி வந்து ஏறப்போய் கால் வழுக்குனவங்கள இழுத்து போட்ட வீடியோ எத்தன பாத்திருப்போம், ஒரு நொடி அவங்க வேற பக்கம் பாத்திருந்தா அந்த ஆள் இல்ல. வெயில்லயும் மழையிலயும் மணிக்கணக்கா நின்னுட்டு அந்த ஒரு நொடிக்காக காத்திருக்குற வேலை அது.

அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், மனசார.

காலையில திருநெல்வேலில எறங்குனதும் அம்மா செஞ்ச மொத வேலை, பிளாட்பாரத்துல நின்ன ஒரு ஆர்பிஎஃப்காரர்கிட்ட போயி, "விழுப்புரத்துல ஒரு பிள்ள வந்துச்சுய்யா, பேர் கேக்க மறந்துட்டேன், நான் நல்லபடியா வந்து சேந்துட்டேன்னு அதுகிட்ட சொல்லிருங்க"ன்னு சொல்லிருக்காங்க. அவரும் அம்மாவோட கோச் நம்பர கேட்டு எழுதிக்கிட்டாராம்.