தடுப்பணையை எடுப்பதா, விடுவதா? தூண்டில்காரர் பக்கத்திலிருந்து ஓர் அலசல்

ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய தடுப்பணையை எடுக்கப்போகிறார்கள் என்றால் முதல் எதிர்ப்புக் குரல் பல சமயம் தூண்டில் போடுகிறவர்களிடமிருந்துதான் வரும். அதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் விழுந்து விழுந்து அணையடியில் தோண்டிய மடு, நுரையும் காற்றும் கலந்து, கோடையிலும் மீன் தங்கும் இடம். அணைக்கு மேலே தேங்கிய ஆழம் கெண்டை இனங்களுக்கு வீடு. இரண்டும் ஒன்றாகப் போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது.

அப்படியே விட்டுவிடலாம் என்பது முதல் வழி. ஆனால் அந்த மடுவில் மீன் குவிவதற்கு ஆழம் மட்டும் காரணமில்லை, மேலே போக வழி இல்லாததும் காரணம். முட்டையிட எதிரேறி வந்த மீன், பூட்டிய கதவின் முன் நிற்பதுபோல அங்கே நிற்கிறது. அதைத்தான் நாம் ஆற்றின் வளம் என்று எண்ணிக்கொள்கிறோம். மேலே உள்ள தேக்கமோ வண்டலால் தூர்ந்துகொண்டே வருகிறது. சரளைக் கற்களின் இடுக்கில் வண்டல் அடைத்தால் அங்கே இட்ட முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

விட்டுவைக்க வலுவான காரணம் ஒன்று உண்டு: கீழேயிருந்து வரும் வேண்டாத விருந்தாளி. வட அமெரிக்கப் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளில், மீனின் உடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே மேலேறி முட்டையிடாமல் தடுப்பதே தாழ்வான அணைகள்தான். அப்படிப்பட்ட ஆற்றில் அணையைத் தொடக்கூடாது.

மீன் ஏணி, அதாவது அணையைத் தாண்டி மீன் ஏறிப்போகப் படிப்படியாக அமைக்கும் தண்ணீர் வழி, கட்டலாம் என்பார்கள். துள்ளும் சால்மனுக்கு அது சரி. ஆற்றின் தரையை ஒட்டி நீந்தும் சிறு மீன்கள் பலவற்றால் ஏற முடியாது, விலாங்குக் குஞ்சுகளுக்குத் தனியாகத் தூரிகைபோல இழைகள் நிற்கும் பாய் விரிக்க வேண்டும், வெள்ளத்தில் வரும் கட்டையும் குப்பையும் அடிக்கடி வழியை அடைக்கும். ஓர் ஏணியில் 100-க்கு 80 மீன் ஏறினாலும், ஐந்து அணைகளைத் தாண்டும்போது மிஞ்சுவது 33 மட்டுமே.

இதைவிடக் கல்சரிவு நல்லது. அணைக்குக் கீழே பாறைகளை அடுக்கி, 20-க்கு 1 என்பதுபோல மெல்லிய சரிவாக்கினால் சிறு மீன்கள்கூட ஏறும், மேலே உள்ள ஆழமும் அப்படியே இருக்கும். ஆனால் ஒன்றரை மீட்டர் அணைக்கே 30 மீட்டர் நீளம் பாறை வேண்டும். அந்தப் பாறை போய் உட்காருவது நாம் காப்பாற்ற நினைத்த மடுவின் மேலேயே! இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

முழுதாக எடுத்தால்? அமெரிக்காவின் கென்னபெக் ஆற்றில் 1837 முதல் நின்ற எட்வர்ட்ஸ் அணையை 1999-இல் எடுத்தார்கள். கடலிலிருந்து வரும் ஏல்வைஃப், கோடுபோட்ட பாஸ் மீன்கள் அதற்கு மேலும் ஏறின, தூண்டில்காரர்களும் பின்னாலேயே போனார்கள். ஹட்சன் ஆற்றில் நடந்தது வேறு. 1973-இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்ததும், பின்னால் தேங்கியிருந்த பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு கலந்த வண்டல் ஆற்றோடு இறங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் எடுத்தது அணையைத்தான். வித்தியாசம் அதன் முதுகில் படிந்திருந்த மண்ணில்.

என் முடிவு இது: அணை தாழ்வானது, வண்டல் சுத்தமானது, வேண்டாத மீன் வரும் ஆபத்து இல்லை என்றால் எடுத்துவிடலாம், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். நடுவில் பள்ளம் வெட்டி, படிப்படியாகத் தாழ்த்தி, முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்து எடுத்தால், வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கரை மரங்களின் வேரும் திடீரென்று பிடிப்பிழக்காது. வண்டலில் நச்சு இருந்தால் முதலில் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். எடுக்க முடியாத இடத்தில்தான் கல்சரிவு, அதற்கும் இடமில்லாத இடத்தில்தான் ஏணி.

மடு போகத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. சில வெள்ளங்களில் சரளை வந்து அதை நிரப்பிவிடும். ஆறு தன் போக்கில் வளைவுகளின் வெளிப்புறத்திலும், விழுந்த மரத்தடியிலும் புது மடு தோண்டும், ஆனால் எங்கே, எப்போது என்று நமக்குச் சொல்லாது. அதனால் இடிப்பதற்கு முன்பே நூலில் ஈயக்குண்டு கட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு இடத்தின் ஆழத்தையும் அளந்து எழுதி வையுங்கள். பெரிய பாறைகளையும் வேரோடு கூடிய மரக்கட்டைகளையும் ஆற்றில் இறக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். இயந்திரம் கரையைவிட்டுப் போன பிறகு கேட்டால் நடக்காது.